சொலாஞ்ஜுக்கு ஒரு பஸ் கம்பம்

ஒரு ஊர் அழகாக இருப்பதற்காக அந்த ஊர்க்காரி தினமும் எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ரோஷ்முர் ஊராட்சியின் கணக்கு எட்டு. போக நான்கு, இறக்கம். வர நான்கு, ஏற்றம்.

சொலாஞ்ஜுக்கு ஐம்பத்தெட்டு வயது. காந்தால் மலையில், எங்கள் ஊர்த் தேவாலயத்துக்குப் பின்சந்தில் பிறந்தவர். இன்றும் அதே வீடு. கார் ஓட்டத் தெரியாது. பள்ளத்தாக்கில் ஒரு நிலவறையில், முதிரவைத்த சீஸைத் திருப்பித் துடைக்கும் வேலை. சக்கரம் போல வட்டமான ஒரு சீஸ் கட்டி நாற்பது கிலோ. முப்பத்தோரு ஆண்டுகளாகத் திருப்புகிறார். எங்கள் தேவாலயத்தின் தூண்களைப் பற்றி ஐந்து மொழிகளில் சிற்றேடு உண்டு. சொலாஞ்ஜின் முதுகைப் பற்றி எந்த மொழியிலும் இல்லை.

போன ஆண்டு மே மாதம், அழகான ஊர்களுக்குப் பட்டம் தரும் குழு வந்தது. அதற்கு முதல் நாள் மேயர் லியோனெல் சதுக்கத்திலிருந்த பஸ் நிழற்குடையையும் நம்பர் கம்பத்தையும் பிடுங்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயத்தைப் படம் எடுத்தால் அவையும் படத்தில் விழுகின்றனவாம். பட்டம் கிடைத்தது. பஸ் நிற்காமல் போனது.

ஓட்டுநர் ரெஜிஸை ஒருநாள் சொலாஞ்ஜ் கைகாட்டி மறித்தார்.

"கம்பம் இல்லாத எடத்துல நிறுத்துனா எனக்கு வேலை போயிரும்க்கா. நீங்க கம்பம் மாதிரிதான் நிக்கிறீங்க. ஆனா நம்பர் இல்லையே."

மறுநாள் சொலாஞ்ஜ் பஸ் நம்பரை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். ரெஜிஸ் நிறுத்தினார். பன்னிரண்டு நாள் இப்படி ஓடியது. பிறகு பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியிடமிருந்து கடிதம்: அட்டை அந்த நூற்றாண்டோடு பொருந்தவில்லை.

"அந்த நூற்றாண்டுல வேலைக்கு எப்படிப் போனாங்களாம்?" என்று சொலாஞ்ஜ் மேயரிடம் கேட்டார்.

லியோனெல் யோசித்தார். "நடந்துதான்க்கா."

நடந்தார். நான்கு கிலோமீட்டர் கீழே, பாலத்தடியில்தான் அடுத்த நிறுத்தம். குளிர்காலப் பனியில் இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டார். நிலவறை மேலாளர் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். மூன்றாவது தாமதத்தோடு வேலை போகும். அந்த வயதில், அந்த முதுகோடு, இந்த மலையில் இன்னொரு வேலை கிடைக்காது.

நான் ஊரின் சுற்றுலாத் தகவல் மேசையில் உட்காருகிறவள். வருகிறவர் என்ன கேட்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று ஒரு தாளில் ஆளுக்கு ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். ஊராட்சி மன்றம் அந்தத் தாளைத்தான் நம்புகிறது. கழிப்பறை எங்கே என்று அறுநூறு பேர் கேட்டார்கள், கழிப்பறை வந்தது.

போன வாரம் சொலாஞ்ஜ் மேசைக்கு வந்தார். "பஸ் எங்க நிக்கும்?"

"ஊர்க்காரங்க கேட்டா கோடு போடக் கூடாதுக்கா."

"அப்ப நான் பாரிஸ்காரி."

"பாரிஸ்காரின்னா எதுக்கு வீட்டுச் சாவிய எங்கிட்ட குடுத்து வெச்சிருக்கீங்க?"

"கோடு போடறியா இல்லையா?"

போட்டேன். மேசைப் பொறுப்பாளர் அதை அடித்து நீக்கிவிட்டார். பாரிஸ்காரர்கள் சீஸ் வாசனையோடு வருவதில்லையாம்.

நவம்பரில் மன்றம் கூடுகிறது. அதற்கு அடுத்தது பனி. அதற்குள் ரோஷ்முர் வந்தால், காரில் வந்திருந்தாலும் சரி, மேசைக்கு வந்து பஸ் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். உங்கள் ஊர்ப் பெயரையும் சொல்லுங்கள், எழுத வேண்டும்.