ரசம் வரும் நேரத்தில் வாசித்த கணக்கு

சென்ற வாரம் பள்ளிக்கூடம் விட்டு விராலிமலைக் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு கார்டை நீட்டினார். ஓரத்தில் கறுப்பு மை தடவியிருந்தது. அன்னவாசல் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த வெள்ளைச்சாமி நெஞ்சுவலியில் காலமானார், மறுநாள் கருமாதி என்று எழுதியிருந்தது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. நம் கல்லூரி விடுதி மாணவர் மன்றத்துக்கு அவர் பொருளாளர், நான் செயலாளர். கருமாதிக்குப் போனேன். நம் விடுதிக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், என் பக்கம் குனிந்து, "தங்கமான மனுசன். அந்தப் புயல் காசுல மட்டும் கைய வச்சிருக்க வேணாம்" என்றார். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விடுதியில் இருந்தவர்களுக்கு அவருடைய வெள்ளிக்கிழமைக் கணக்கு நினைவிருக்கும். மற்ற மன்றங்களில் வருஷக் கடைசியில் ஒரு நாள் கணக்கு வாசிப்பார்கள், அதற்குள் கூட்டம் கலைந்துவிடும். வெள்ளைச்சாமி வாரா வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தார். அதுவும் சாம்பார் முடிந்து ரசம் வரும் நேரத்தில். ஏன் இப்படி உயிரை வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "எச்சிக் கையோட யாரும் எந்திரிச்சு ஓட முடியாதுல்ல" என்றார். நூற்று நாற்பது பேரும் கேட்டுத்தான் ஆகவேண்டும். சிலர் முனகினார்கள். நான் அதிகமாகவே முனகினேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். எனக்கு மேடை, மாலை, கைதட்டல் எல்லாம் வேண்டும். அவருக்குச் சீட்டு வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் பெட்டியிலிருந்து நாலணா வெளியே வராது. ஒரு தடவை, பேச வந்தவருக்குச் சோடா, வெற்றிலை வாங்கியதை 'இதரச் செலவு' என்று மொத்தமாக எழுதிக் கொடுத்தேன். வெள்ளைச்சாமி எல்லோரையும், தம்மைவிடச் சின்னவர்களையும், 'வாங்க' 'போங்க' என்றுதான் சொல்வார். அதே மரியாதையோடு சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இதரன்னு எழுதுறீங்களே செக்ரட்டரி, அது யாரு வீட்டுச் செலவு? சோடான்னா சோடான்னு எழுதுங்க." பத்துப் பேர் முன்னால் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்தபோது புயல் அடித்தது. மாணவர்கள் தகரடப்பா குலுக்கி, ஆலங்குடி வரைக்கும் போய் நிதி திரட்டினோம். அந்தச் சனிக்கிழமை தாலுகா கச்சேரியில் கட்டுவதாக இருந்தது. அதுவரை பணம் வெள்ளைச்சாமியின் பெட்டியில். அதே வாரம் புதன்கிழமை பரீட்சைப் பணம் கட்டக் கடைசி நாள். என் அப்பா கடலை விற்ற பணம் வியாபாரியிடம் மாட்டிக்கொண்டது. மணியார்டர் வரவில்லை. நாலு மணிக்கு ஆபீஸ் மூடிவிடுவார்கள். மூன்றரைக்கு நான் அவர் அறையில் போய் நின்றேன்.

"புயல் நிதியிலிருந்து முப்பது ரூபாய் கொடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வச்சிடுறேன்."

"அது நம்ம காசு இல்லீங்க."

"என் ஒரு வருஷம் போயிடும்யா!"

பள்ளியில் பணம் கட்ட முடியாமல் இரண்டு வருஷம் மாடு மேய்த்தவர் அவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் அடித்தேன். கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார். "ஒரு சீட்டு எழுதிக் குடுத்திடுங்க" என்றார். "ரெண்டு நாள்ல திருப்பி வைக்கிற காசுக்குச் சீட்டு எதுக்கு?" என்று கத்தினேன். என் கையெழுத்து அதில் இருக்கக்கூடாது என்பதுதான் உண்மை. முதல் தடவையாக, சீட்டு இல்லாமல் கொடுத்தார்.

வியாழன் தபாலில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமையும் தபால்காரர் வெறுங்கையோடு விடுதியைத் தாண்டிப் போனார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் வெள்ளைச்சாமியைக் கிணற்றடியில் பிடித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் இந்த வாரம் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அத்தன பேரும் நம்பி ஒக்காந்திருப்பாங்க செக்ரட்டரி. இல்லாத காச எப்படி இருக்குன்னு வாசிக்கிறது?"

சாம்பார் முடிந்தது. எழுந்து நின்று நோட்டைப் பிரித்தார். வழக்கமான குரலில் வாசித்துக்கொண்டே வந்தார். "புயல் நிதியில முப்பது ரூபா குறையுது. சீட்டு இல்லாமப் போயிருக்கு. தப்பு என்னுது." யாரோ "திருட்டுப் பய" என்று கத்தினார்கள். வார்டன் ஓடி வந்து, "யார்கிட்டப் போச்சு, சொல்லு" என்று உறுமினார். "பொட்டிச் சாவி எங்கிட்டத்தான் சார் இருக்கு" என்றார் வெள்ளைச்சாமி. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உட்காரவும் இல்லை. வாளியோடு வந்தவர் என் இலையில் ரசத்தை ஊற்றிவிட்டுப் போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

குறைந்த பணத்தை வார்டன் தம் கையிலிருந்து போட்டு நிதியைக் கட்டினார். வெள்ளைச்சாமியின் பதவி போனது. விடுதியில் இலவசமாகத் தங்கிச் சாப்பிடும் சலுகையும் போனது. மீதி மூன்று மாதம் ஆலங்குடிப் பக்கத்துத் தம் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தார். செவ்வாய்க்கிழமை என் மணியார்டர் வந்தது. அந்த முப்பது ரூபாயைக்கூட நான் வார்டனிடம் நேரில் கொடுக்கவில்லை; வெள்ளைச்சாமி கையிலேயே திணித்துவிட்டு நழுவினேன். இருவரும் தேறினோம். நான் பி.ஏ. படிக்கப் போனேன். சலுகை போனவர் எங்கே போவார்?

சில வருஷம் கழித்து அன்னவாசல் பஸ் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். சங்கத்து நோட்டுகள் கையில் இருந்தன. கோபமே இல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "என் பேரை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது கோள் சொல்றதுங்க. நீங்க எந்திரிப்பீங்கன்னு பாத்தேன். அவங்க மோர் ஊத்தி முடிக்கிற வரைக்கும் நின்னு பாத்தேன்."

என் பஸ் வந்துவிட்டது. அன்றே ஊரறியச் சொல்லியிருக்கலாம். அவர் உயிரோடு இருந்தார், கேட்டிருப்பார். சொல்லவில்லை. வாத்தியார் வேலை, மரியாதை, பிள்ளைகள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அன்று கூடத்தில் அவர் நின்ற நிலை ஒன்றுதான். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்தக் கூடத்தில் அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் சொல்கிறேன். புயல் நிதியிலிருந்து முப்பது ரூபாய் வாங்கியவன் நான். என் பரீட்சைப் பணத்துக்காக வாங்கினேன். பொருளாளர் வெள்ளைச்சாமி தமக்கென்று ஒரு தம்பிடி எடுக்கவில்லை. அவர் கேட்ட சீட்டு இதுதான்.

கையெழுத்து,
மு. சிதம்பரம், செயலாளர்.