பத்து நிமிட வேலை

பேருந்துப் பணிமனையில் அவரை பிரேக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. இருபத்தாறு வருடங்களாக அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டியதில்லை. சக்கரத்தைக் கழற்றி, லைனிங்கைத் தட்டிப் பார்த்து, பிறகு தானே ஏறி உட்கார்ந்து மூன்று முறை மிதித்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. "வீட்டுக் கதவைத் திறக்கவும் கையெழுத்து போடுவீங்களாண்ணே?" என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரிக்க மாட்டார். பிரேக் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

இப்படிப்பட்ட மனிதருக்கு மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும் ஆசை எங்கிருந்து வந்தது? மைத்துனனிடமிருந்து தொற்றிக்கொண்டது. மனைவியின் தம்பி அவன். மூன்று நாற்காலிகள் போட்ட முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். ஒருநாள் அவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவன், பாதித் தலையில் நிறுத்திவிட்டு செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். உலகத்தில் மலை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாதை அது. செம்மண் சரிவு, பாறை, பதினான்கு வளைவுகள். "செத்துப்போறதுக்குள்ள ஒரு தடவை மாமா" என்றான். "மொதல்ல மீதி முடிய வெட்டு மாப்ள" என்றார் இவர். ஆனால் அன்றைக்கே அந்த ஆசையில் விழுந்துவிட்டார்.

கடையின் மூன்றாவது நாற்காலி ஒரு வெத்துவேட்டு. ஆள் உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இறங்கும். யாரும் உட்காராததால் அதற்கு எதிரே இருந்த கண்ணாடி சும்மா கிடந்தது. திட்டம் அதில் ஏறியது. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. காலை ஷிஃப்ட் முடிந்ததும் இவர் அங்கே போய்விடுவார். மார்க்கர் பேனாவால் எழுதுவதும் ஈரத்துணியால் அழிப்பதுமாக மூன்று வருடங்கள் போயின. சீசன் முடிந்த மறு மாதம் விடுதி வாடகை பாதியாகும் என்று கண்டுபிடித்தார்கள். வாரத்தின் நடுவில் ரயில் ஏறினால் டிக்கெட் மலிவு. பாதையிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, சமைத்துக்கொள்ள அடுப்பு வைத்த ஓர் அறையையும் பிடித்தார்கள். மற்ற நாட்களில் சவரத்துக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, கன்னத்தில் நுரையோடு யோசனை சொன்னார்கள். "மழை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருவர் கேட்டதும் கண்ணாடியில் மழைக்கோட்டு சேர்ந்தது.

சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதுதான் இடித்தது. ஆள் போகிற செலவைவிட சைக்கிள் போகிற செலவு அதிகம். அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம் என்றால் முன்பணம் கேட்டார்கள். அப்போதுதான் பிரேக்காரருக்கு மூளை பளிச்சிட்டது. திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தையே முன்பணமாகக் கட்டுவது. சைக்கிளை ஒப்படைத்ததும் அதை வாங்கி டிக்கெட் எடுப்பது. மைத்துனன் அவர் தோளைத் தட்டி, "மாமா, நீங்க பிரேக் டிபார்ட்மென்ட்டே இல்ல, நிதி மந்திரி" என்றான். அவருக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை.

மனைவி இந்தக் கூத்தில் தலையிடவில்லை. கிளம்பும் அன்று வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நீங்க கூடப் போறதாலதான் விடறேன். என் தம்பியப் போன மாதிரியே கூட்டிட்டு வந்துடுங்க."

வாடகைக் கடை முற்றத்தில் இரண்டு சைக்கிள்களைக் கொடுத்தார்கள். மைத்துனன் தலைக்கவசத்தை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரேக்காரர் வழக்கம்போலக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பிரேக் கட்டைகள் புதியவை. கம்பி இறுக்கம். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, வலது கைப்பிடியை அழுத்தினார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இடது கைப்பிடியை அழுத்தினார். நின்றது.

நம் பக்கத்து சைக்கிள்களில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். வெளிநாட்டிலிருந்து வந்த இந்த சைக்கிள்களில் தலைகீழ். சரிவில் இறங்குகிறவன் பழக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து இடது கையை அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பிகளைக் கழற்றி மாற்றிப் போடுவது பத்து நிமிட வேலை. அதற்கான திருகுசாவி அவர் பையிலேயே இருந்தது.

எதிரே சுவரில் பலகை தொங்கியது: சைக்கிளில் எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் முன்பணம் திரும்பாது.

கடைக்காரரிடம் அனுமதி கேட்டிருக்கலாம். ஆனால் வாடகையைக் குறைக்கச் சொல்லி அப்போதுதான் அந்த ஆளோடு மல்லுக்கட்டியிருந்தார். மறுபடி போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. மைத்துனனிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், "அப்ப மாத்திக் குடுங்க மாமா" என்பான். அவன் கேட்டு இவர் முடியாது என்று சொன்னதில்லை. அடிவாரத்தில் சமதளம் கொஞ்ச தூரம் இருக்கிறது, அதற்குள் கை பழகிவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "சரியா இருக்கா மாமா?" என்று மைத்துனன் கேட்டான்.

"ம்" என்றார்.

முப்பது வருடப் பழக்கம் சமதளத்தில் மாறிவிடுமா? மேலே ஏறி, இறங்கத் தொடங்கியதும் இரண்டாவது வளைவில் மண் இளகியிருந்தது. முன்னால் போன மைத்துனனின் பின்சக்கரம் மேலே எழுந்ததைப் பார்த்தார். கூப்பிடக்கூட நேரமில்லை. அவன் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து, வலது கையை ஊன்றி விழுந்தான்.

மணிக்கட்டில் எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள்.

எட்டு மாதங்களாக அந்தக் கடையில் வேறோர் ஆள் முடி வெட்டுகிறார். மைத்துனன் துண்டு மடிக்கிறான், இடது கையால் பெருக்குகிறான், வருகிறவர்களுக்குக் கதை சொல்கிறான். "மாமா எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் குடுத்தாரு. நான்தான் கை மாறிப் பிடிச்சுட்டேன்." ஒவ்வொரு முறையும் இதே கதைதான். பிரேக்காரர் மாதம் ஒருமுறை முடி வெட்டிக்கொள்ளப் போவார். இந்தக் கதை தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். போன மாதம் போகவே இல்லை. முடி காதை மூட ஆரம்பித்தது.

மனைவி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்தியிருந்தால் தேவலை. "நல்லவேளை நீங்க இருந்தீங்க, இல்லாட்டி என்ன ஆகியிருக்குமோ" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது. பணிமனையில் இப்போது ஐந்து முறை மிதித்துப் பார்க்கிறார். கையெழுத்துப் போட பேனாவை எடுத்தால் கை கூசுகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்து மனைவி அவரைக் கடைக்கு அனுப்பினாள். தட்ட முடியாமல் போனார். கடை பாதி மூடியிருந்தது. மைத்துனன் மூன்றாவது கண்ணாடியின் முன் உட்கார்ந்து, துடைப்பத்தை மடியில் வைத்து, இடது கையில் கத்தரிக்கோலோடு அதன் நுனியை வெட்டிப் பழகிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் மழைக்கோட்டு, ரயில், அடுப்பு எல்லாம் அப்படியே இருந்தன.

"வாங்க மாமா. நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தக் கையில பிடிச்சா வெட்ட மாட்டேங்குது, மடிச்சு மடிச்சு விடுது. நடுவுல ஒரு ஸ்க்ரூதானே? கழட்டி, ரெண்டு அலகையும் பக்கம் மாத்திப் போட்டா இடது கைக்கு வந்துடாது?"

பிரேக்காரர் கத்தரிக்கோலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது கை அழுத்தினால் அலகுகள் ஒன்றோடொன்று உரசும். இடது கை அழுத்தினால் விலகும். எப்படிக் கழற்றி மாட்டினாலும் அது வலது கைக்குத்தான்.

"இத மாத்த முடியாது மாப்ள. இடது கைக்குன்னு தனியாத்தான் செய்யணும்."

"உங்களாலயே முடியாதா?"

இத்தனை மாதங்களாக மென்று முழுங்கியதெல்லாம் அந்தக் கேள்வியில் வெளியே வந்துவிட்டது.

"இத முடியாது. அத முடிஞ்சிருக்கும். பத்து நிமிஷ வேலை. பிரேக் கை மாறி இருக்கறத கடை முற்றத்துலயே பார்த்துட்டேன். முன்பணம் போயிடுமேன்னு வாயத் தெறக்கல."

மைத்துனன் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நீங்க பார்க்காம இருப்பீங்களான்னு எனக்கும் தோணிச்சு. ஆனா பார்த்துட்டு சும்மா இருந்திருப்பீங்கன்னு நம்பல மாமா. நானும் சமதளத்துலயே பார்த்துட்டேன். சொன்னா, பலகையாவது பணமாவதுன்னு அங்கேயே ரோட்டுல உட்கார்ந்து கழட்டிடுவீங்க. அப்புறம் ஊருக்கு எப்படித் திரும்பறது? அதான் சொல்லல."

பிரேக்காரர் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். எப்படித் திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். பலகையைப் பார்த்த மாத்திரத்தில் பையை மூடியவர் அவர். அவரை இப்படி ஒருவன் நினைத்திருக்கிறான், நினைத்ததோடு மலையும் ஏறியிருக்கிறான்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. அவ தாங்க மாட்டா."

அழுகிறவர் இல்லை அவர். ஆனாலும் கண்ணாடியில் தன் முகம் கோணுவது அவருக்கே தெரிந்தது. மைத்துனன் எழுந்து நாற்காலியைத் துண்டால் தட்டினான்.

"உட்காருங்க. முடி காட்டுத்தனமா வளர்ந்து கிடக்கு."

"இதுல வெட்டாது மாப்ள."

"துடைப்பத்துல எத்தன நாள் பழகறது? ஒரு தலை வேணும்ல?"

உட்கார்ந்தார். நாற்காலி அவரோடு மெல்லக் கீழே இறங்கியது. மைத்துனன் குனிந்து, வலது முழங்கையால் அவர் தலையைச் சாய்த்துப் பிடித்து, இடது கையால் கத்தரியை வைத்தான். காதுக்குப் பக்கத்தில் முடி அலகுகளுக்கு இடையே மடிந்து சிக்கியது. வெட்டவில்லை, வேரோடு இழுத்தது.

"வலிச்சா சொல்லுங்க மாமா, நிறுத்திடறேன்."

"வலிக்கல, நீ வெட்டு" என்றார் பிரேக்காரர்.