மூன்று தடவை சொன்ன நம்பர்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு டெலிபோன் பதினைந்து நாள் ரேடியோ ஸ்டேஷனாக இருந்தது. அந்த ஸ்டேஷனை நடத்தியவள் நான். இதைச் சொன்னால் ஆபீசில் ஒருத்தியும் நம்ப மாட்டேன் என்கிறாள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் வீடு. அப்பா வழியில் மூன்று தலைமுறையாக அந்த ஊர். அம்மா கோயம்புத்தூர்க்காரி. அவளுடைய தம்பி, அதாவது என் மாமா, ஒரு கிரைண்டர் கம்பெனியின் ஏஜென்சியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனையில் கடை போட வந்து சேர்ந்தார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. "ஹைடெக் சிட்டி பூராவும் நம்மூர்ப் பசங்கதான். இட்லி இல்லாம எத்தன நாளைக்குத் தாக்குப் பிடிப்பானுங்க?" என்பார். பசங்கள் இட்லி இல்லாமல் இருக்கவில்லைதான். அமீர்பேட் ஹாஸ்டல் வாசலிலேயே வண்டியில் சுடச்சுட விற்றார்கள், பசங்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் கிரைண்டர் வாங்கி வைத்துக்கொள்கிற பையனை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

விற்காத பெட்டிகள் கடையை நிரப்பிவிட்டு எங்கள் ஹாலுக்கு வந்தன. இரண்டு பெட்டியின் மேல் டிவி. ஒரு பெட்டியின் மேல் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். விருந்தாளி வந்தால் உட்காரவும் பெட்டிதான். தசராவுக்குள் பாதியாவது விற்க வேண்டும், இல்லையென்றால் ஏஜென்சியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பெட்டிகள் ஊர் திரும்பினால் மாமாவும் ஊர் திரும்ப வேண்டியதுதான். அவரை அனுப்ப எனக்கு மனசில்லை. நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் "போடி வேலையப் பாரு" என்று சொல்லாமல் பதில் சொன்ன ஒரே பெரிய மனுஷர் அந்த வீட்டில் அவர்தான். மாவு ஏன் பொங்குகிறது, மோட்டார் ஏன் சூடாகிறது, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். பாதி பதில் தப்பு என்பது பிற்பாடு தெரிந்தது.

எஃப்.எம். ஊருக்குள் புதிதாக நுழைந்திருந்த சமயம் அது. ஆட்டோ, டெய்லர் கடை, மெடிக்கல் ஷாப், எங்கே போனாலும் ஒரே கூச்சலும் பாட்டுமாக இருக்கும். டை கட்டிய பையன் ஒருவன் பைக்கில் வந்து மாமாவிடம் பேசினான். சின்னக் கடைகளுக்கென்று தனி பேக்கேஜ், பதினைந்து நாள், தினமும் இருபது விநாடி, மத்தியானம் பாட்டு கேட்கிற நிகழ்ச்சிக்கு நடுவில். மாமா ஒரே நிமிஷத்தில் சரி என்றுவிட்டார்.

பதிவு பண்ணுகிற இடத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. நான் தட்டித் தட்டிப் பார்த்தேன், சத்தமே வரவில்லை. ரேடியோவில் தேனொழுகப் பேசுகிற அக்கா பட்டுப்புடவையில் இருப்பாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சம்மணமிட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மாமா எழுதி, நான் தெலுங்கில் மாற்றிய விளம்பரத்தை அவள் ஸ்டாப்வாட்ச் வைத்துப் படித்தாள். ஒன்றரை நிமிஷம் ஓடியது. டைக்காரப் பையன் பேனாவை எடுத்தான். கருங்கல் போயிற்று. தேங்காய் துருவி போயிற்று. கேரண்டி போயிற்று. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை.

"கல்லு போனாப் போச்சாதுங்க. நம்பர மட்டும் மூணு தடவ சொல்லோணும்."

கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான். முதலில் கிரைண்டர் ஓடுகிற சத்தம், கேட்டால் கூட்ஸ் ரயில் போவது போலிருக்கும். பிறகு கடை பெயர், அதுவும் கூட்ஸ் ரயிலோடு சேர்ந்து. பிறகு நம்பர், நம்பர், நம்பர். அந்த நம்பர் எங்கள் வீட்டு நம்பர். மாமாவுக்குத் தெரிந்த தெலுங்கு ஆமாம், இல்லை என்பதற்கான 'அவுனு', 'லேது' என்ற இரண்டு வார்த்தை. தெலுங்கில் யாராவது விலை கேட்டால் வேர்த்துவிடும். நானோ பள்ளிக்கூடத்துத் தெலுங்கில் வெளுத்து வாங்குவேன். இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன், அம்மா பேங்க் விட்டு வர ஐந்தரை ஆகும். நடுவில் போன் வந்தால் கடைக்கு வழி சொல்லி, பெயரை நோட்டில் எழுதி வைக்க வேண்டியது என் பொறுப்பு.

முதல் நாள், பிஸ்கட் அக்கா "உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும், உடனே கூப்பிடுங்கள்" என்றாள். கூட்ஸ் ரயில் வந்தது. நம்பர் மூன்று தடவை வந்தது. அடுத்த நிமிஷம் எங்கள் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"மேடம், ஒக்க பாட்ட வேஸ்தாரா?"

ஒரு பாட்டு போடுவீர்களா என்று கேட்டது ஒரு ஆட்டோக்காரர். கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பான நம்பர் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பிறந்ததிலிருந்து என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. "தப்பகுண்டா வேஸ்தாம்" என்று சொல்லிவிட்டேன். கட்டாயம் போடுகிறோமாம்! யாருக்காக என்று வேறு கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு விட்டேனா? ஒரு டெய்லர் தன் மனைவிக்காக. ஒரு மெடிக்கல் ஷாப் அண்ணன் 'எஸ்' என்ற எழுத்துக்காக, பெயரைச் சொல்ல மாட்டானாம். ரிசல்ட் வந்த ஒரு காலேஜ் அக்கா, பெயிலான தன் சிநேகிதிக்காக. யார் யாருக்காகப் பாட்டு கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஆசை. பெயர், ஏரியா, பாட்டு, யாருக்கு என்று நாலு கட்டம் போட்டு எழுதினேன். சாயங்காலம் மாமா ஓடி வந்து, "எத்தன போன் கண்ணு?" என்றார். இருபத்திரண்டு என்றேன். பொய் இல்லையே! மறுநாள் அவர் பெட்டிகளைத் துடைத்து அடுக்கிவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றார். அதைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் நோட்டு அவர் கையில் அகப்பட்டது. பெட்டியின் மேல் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். அடி விழும் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கடைசியில் தலையைத் தூக்கி, "ஒருத்தருக்குக்கூடவா கண்ணு மாவாட்ட வேண்டாம்?" என்று கேட்டார். அடித்திருந்தால்கூட நான் அப்படி அழுதிருக்க மாட்டேன். அழுது முடித்த பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பாட்டு கேட்கிறவர்களிடம் உங்கள் வீட்டில் கிரைண்டர் இருக்கிறதா என்று நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டேன். ஆட்டோக்காரர், "கிரைண்டர் நக்கோ அம்மா, பாட்ட சாலு", கிரைண்டர் வேண்டாம், பாட்டு போதும் என்று சிரித்துவிட்டு வைத்தார்.

இப்படியிருக்கும்போதுதான் மூன்றரை மணிக்கு ஒரு குரல் வந்தது. தெலுங்கில் தடுக்கித் தடுக்கிப் பேசிவிட்டு, "ஐயோ, வாய்ல நொழைய மாட்டேங்குதே" என்று தனக்குள் தமிழில் முனகியது. நீங்க தமிழா ஆன்ட்டி என்றேன். "ஏளா, நீ தமிழா!" என்று அப்படியொரு சந்தோஷம். திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகி நாலு மாசம், ஊரின் இன்னொரு மூலையில் உப்பலில் நாலாவது மாடி. "அவுக காலைல ஏழு மணிக்கு கம்பெனி பஸ்ல போனா, ஒம்பது மணிக்குத்தான் வாராக" என்றார்.

மறுநாளும் மூன்றரைக்குக் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். முதல் இரண்டு நாள் பாட்டு கேட்டார். அப்புறம் பாட்டை மறந்துவிட்டார். சாப்ட்டியா, என்ன கூட்டு, பள்ளிக்கூடத்தில் யார் அடித்தார்கள், அங்கே மழையா, இங்கே மழை. உப்பலில் பெய்கிற மழை மாரெட்பள்ளியில் பெய்கிறதா என்று தினமும் தெரிந்துகொண்டு இந்த ஆன்ட்டி என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் பேச்சு சுவாரஸ்யமாக இருந்தது. மற்றவர்கள் போன் கிடைக்கவில்லை என்று திட்டினால் திட்டட்டும் என்று அரைமணி நேரம் பேசினேன். பன்னிரண்டாம் நாள் கடமை ஞாபகம் வந்து, உங்க வீட்டில் கிரைண்டர் இருக்கா என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லையே" என்றார். "கொண்டாந்து குடுப்பீகளா?"

"குடுப்போம் ஆன்ட்டி."

"நீயும் வருவியா?"

நானும் வருவேன் என்றேன். போனை வைத்துவிட்டுக் கடைக்கு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். பதினைந்து நாள் விளம்பரத்தில் முதல் வியாபாரம், அதுவும் நான் பிடித்தது.

பள்ளிக்கு மட்டும் லீவு விட்ட ஒரு நாளில் பெட்டியோடு ஆட்டோவில் உப்பல் போனோம். கதவைத் திறந்த ஆன்ட்டியைப் பார்த்து எனக்கு ஏமாற்றம். கண்ணாடி போட்ட குண்டு ஆன்ட்டியை நான் மனதில் வைத்திருந்தேன். இவர் எங்கள் பக்கத்து வீட்டுக் காலேஜ் அக்கா மாதிரி இருந்தார். எனக்கென்று கேசரி, இட்லி, கொத்தமல்லிச் சட்னி. வீட்டில் நாற்காலியைவிட அட்டைப்பெட்டி அதிகம், அது ஒன்றுதான் எங்கள் வீடு மாதிரி. ரேடியோ ஸ்டேஷன் எங்கே, என் பாட்டு எப்போது என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் கேட்கவே இல்லை. "இன்னும் ரெண்டு வை, இன்னும் ரெண்டு" என்று இட்லியை வைத்துக்கொண்டே இருந்தார்.

கை கழுவப் போன நான் சும்மா வந்திருக்கலாம். அடுப்படி மேடையில் துண்டு போர்த்தி ஏதோ இருந்தது. என்ன என்று பார்க்காமல் நகர்கிற பழக்கம் எனக்கு ஏது? தூக்கிப் பார்த்தேன்.

"மாமா! இவங்க வீட்ல ஏற்கெனவே கிரைண்டர் இருக்கு!"

எங்கள் கம்பெனி, எங்கள் மாடல். சீர் வைத்தபோது இட்ட மஞ்சள் குங்குமம்கூட அழியவில்லை. காலையில் ஆட்டிய ஈரம் கல்லில் அப்படியே இருந்தது. ஆன்ட்டியின் முகம் செத்துப்போயிற்று. கரண்டியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா கிரைண்டரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி, "பெல்ட் தளந்திருக்குமுங்க, ஒருக்கா பாத்துக் குடுத்தர்றேன்" என்று ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது ஆன்ட்டி, "அண்ணே, நான் சொல்லிட்டேம்லா, அதையும் இறக்கி வச்சிருங்க" என்றார். மாமா, "ஒண்ணு போதுங்க தங்கச்சி. அதுல ஆட்டறதத் திங்கவே ஆளு வேணுமில்லீங்க" என்று சிரித்தார். பெட்டியை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார்.

வழியெல்லாம் நான் பொருமினேன். வாங்குகிறேன் என்பவரிடம் விற்காமல் வருகிற கடைக்காரர் உலகத்தில் உண்டா? அவங்க பொய் சொன்னாங்க மாமா என்றேன்.

"ஆமா கண்ணு. நீயுந்தான் பாட்டுப் போடறேன்னு சொன்னே."

இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

விளம்பரம் நின்றது. போன் அடிப்பதும் ஓய்ந்தது. மூன்றரை மணிக்கு மட்டும் அடிக்கும், நான் முன்போல் பேச்சை வளர்க்காமல் ரெண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவேன். தசரா வந்தது. லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது, மாமாவும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். டிவியைத் தரையில் வைத்துப் பார்த்தோம். ஹால் அவ்வளவு பெரிதா என்று இருந்தது.

மறுநாள் மூன்றரைக்குப் போன் அடித்தது. "மாமா நல்லாருக்காகளா?" என்றார் ஆன்ட்டி.

"மாமா ஊருக்குப் போயிட்டார். பெட்டியெல்லாம் போயிடுச்சு. நீங்க அதை வாங்கியிருந்தா மாமா போயிருக்க மாட்டார். எல்லாம் உங்களாலதான்."

ஒரு பெட்டி விற்றால் பாதிப் பெட்டி விற்றதாகுமா? கணக்கு எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னேன். "சரிம்மா" என்றார். "நீ நல்லாப் படி, என்னா?" வைத்துவிட்டார். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பள்ளி விட்டு வந்து, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அடித்தால் எடுக்கக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் உட்கார்ந்தேன். மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று, போன் அடிக்கவில்லை. அம்மா வந்து விளக்கைப் போடும்வரை, எடுக்கக் கூடாது எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.