ஆர்லின் சொன்ன துப்பாக்கி

வெர்லா ஹட்செல் மேற்கு வர்ஜீனியாவின் மலைச்சாலைகளில் இருபத்திரண்டு வருடமாகத் தபால் போடுகிறவள். அந்த ஊர்க் காரில் ஸ்டியரிங்கும் பெடலும் இடப்பக்கம், வீட்டுத் தபால் பெட்டிகளோ சாலையின் வலப்பக்கம்; அதனால் தன் சொந்தக் காரில் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை எட்டி நீட்டிப் பெடலை மிதித்துக்கொண்டே பெட்டி பெட்டியாகக் கடிதம் செருகிக்கொண்டு போவாள். சனிக்கிழமை மதியம் தபால் முடிந்ததும் துப்பாக்கிக் கழகத்துக்குப் போய்விடுவாள். ஒற்றைக் கையை நீட்டி, ஐம்பது கெஜத் தூரத்து அட்டையைச் சுடுகிற போட்டியில் நான்கு வருடமாக மாநிலத்திலேயே அவளுக்குத்தான் முதலிடம்.

இருபது வயதில் ராணுவப் போலீசில் சேர்ந்தபோது அவள் கையில் கொடுத்தது 1911 என்கிற நாற்பத்தைந்து காலிபர் கைத்துப்பாக்கி. அன்றிலிருந்து வேறு துப்பாக்கி அவளுக்குப் பிடித்ததில்லை. ஊருக்கு வந்ததும் பழையது ஒன்றை வாங்கி அத்தனை வருடமும் அதையே வைத்திருந்தாள். நாற்பத்தெட்டாவது வயதில், ஒரு வசந்த காலத்துச் சனிக்கிழமை, அதன் மேல்பாகம் விரிசல் விட்டுப்போனது. இனிமேல் சுட்டால் உன் முகத்துக்குத்தான் ஆபத்து என்று கழகத்தில் சொல்லிவிட்டார்கள்.

1911-ஐ இன்றைக்குப் பத்திருபது கம்பெனிகள் செய்கின்றன. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஜூனி கிரிஸ்ப்பின் துப்பாக்கிக் கடையில் அவளுக்குக் கட்டுப்படியாகிற விலையில் இரண்டு இருந்தன: ஒன்று ஹால்பெர்க், ஒன்று டன்மோர். ஜூனி இரண்டையும் கடைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் சுட்டுப் பார்க்கவிட்டாள். ஹால்பெர்க்கின் விசை கண்ணாடி உடைவதுபோல் சட்டென்று விட்டது. பத்துத் தோட்டாவின் துளையும் ஒரு காப்பிக் கோப்பையின் வாயளவு வட்டத்துக்குள் அடங்கின. அதன் செர்ரி மரப் பிடியில் பிறைபோல் சின்னக் கீறல் இருந்தது. டன்மோரும் மோசமில்லை. ஆனால் கொஞ்சம் சொரசொரப்பு.

மனம் ஹால்பெர்க்கிடம் போய்விட்டது. ஆனாலும் ஆர்லின் டாக்கெட்டைக் கேட்காமல் அவள் எதையும் வாங்கியதில்லை.

ஆர்லின் நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். கழகத்தில் பாதிப் பேரின் துப்பாக்கியை அவன்தான் சரிசெய்து கொடுப்பான். பதினேழு வருடமாக வெர்லாவுக்குப் பக்கத்துத் தடத்தில் நின்று சுடுகிறான். அவன் மனைவி நோலா புற்றுநோயில் கிடந்த குளிர்காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமைதோறும், தன் தபால் வழித்தடத்தில் பாதியை இன்னொருத்திக்குத் தள்ளிவிட்டு, இரண்டு பேரையும் மலை தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் வெர்லா. நோலாவை அடக்கம் செய்த அன்று, "நீ எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி" என்று அவள் தோளில் முகம் வைத்து அழுதான்.

கடைக்கு வந்து இரண்டையும் கழற்றிப் பார்த்தான்.

"ஹால்பெர்க் வேணாம், வெர்லா. தோட்டா ஓட்டக் கவ்வி வெளிய இழுக்குற கொக்கி இருக்கே, அத வார்ப்புல பண்றான். ஆயிரம் ரவுண்டுல ஒடிஞ்சுடும்."

"கைக்கு அப்படியே ஒட்டிக்குதே, ஆர்லின்."

"ஒட்டும். போட்டி நடுவுல ஒடியும். டன்மோர எடு. நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டன்மோரை எடுத்தாள்.

இரண்டாவது வாரத்திலேயே அது சிக்க ஆரம்பித்தது. சுட்ட ஓடு வெளியே விழாமல் புகைபோக்கி மாதிரி நட்டமாக நிற்கும். ஆர்லின் வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தான்.

"துப்பாக்கில ஒண்ணுமில்ல. உன் மணிக்கட்டுதான் தளருது. கை உறுதியா நிக்கலேன்னா ஓடு சிக்கத்தான் செய்யும். வயசு ஏறுதுல்ல?"

அவள் நம்பினாள். டாக்டரிடம் போய்க் கையைக் காட்டினாள். தபால் வண்டியில் ரப்பர் பந்து ஒன்றை வைத்துக்கொண்டு, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே பிசைந்துகொண்டே போனாள். ஆர்லினோ முதுகுவலி என்று சனிக்கிழமைகளில் வருவதையே நிறுத்தியிருந்தான். அவனுக்கு பீன்ஸ் சூப்பும் பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டியும் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆகஸ்ட்டில் மாநிலப் போட்டி. பிரிவு பிரிவாகச் சுடுவார்கள்; வெர்லா முதல் பிரிவில் நின்றாள். வேகச் சுற்றில் ஓடு சிக்கியது. ஒருமுறை மறுபடி சுட விதி இடம் கொடுக்கும். மறுபடி சுட்டாள், மறுபடி சிக்கியது. மூன்று தோட்டா சுடாமலே போயின. நாலு வருடப் பட்டம் அங்கேயே கைவிட்டுப் போனது. பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்து தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பிரிவு சுட வந்தது. ஆர்லின் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தான். செர்ரி மரப் பிடி. பிறைபோல் ஒரு கீறல்.

அவன் சுட்டு முடிக்கிறவரை அவள் எழுந்திருக்கவில்லை. அவன்தான் முதலிடம். எல்லோரும் முதுகைத் தட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் அவன் வண்டியருகே போய் நின்றாள்.

"கொக்கி ஒடியும்னு சொன்னியே?"

ஆர்லின் பெட்டியை வண்டிக்குள் தள்ளினான். "சிலதுல ஒடியும்."

"இதுல?"

"ஒடியல."

"எப்ப வாங்கின?"

"நீ டன்மோர வாங்கின மறுநாள்."

"முதுகுவலின்னியே? நான் சூப்பு கொண்டாந்தேனே, ஆர்லின்!"

"நாலு வருஷம், வெர்லா. நாலு வருஷமும் உனக்கு அடுத்த எடம். ஒரு தடவையாவது நான் ஜெயிச்சுப் பாக்கணும்னு நோலா சொல்லிக்கிட்டே இருந்தா..."

"நோலாவ இதுல இழுக்காத."

"கேட்டிருந்தா அந்தத் துப்பாக்கிய எனக்கு விட்டிருப்பியா?"

"துப்பாக்கிய விட்டிருப்பேன்டா. போட்டிய விட்டிருக்க மாட்டேன்."

திரும்பித் தன் காரைப் பார்க்க நடந்தாள்.

அடுத்த வாரம் ஆற்றுக்கு அக்கரையில், பக்கத்து மாநிலமான ஒஹாயோவில் துப்பாக்கி பழுதுபார்க்கிற வேறொரு ஆளிடம் டன்மோரைக் கொண்டுபோனாள். அவர் கழற்றி, கொக்கியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, லேசாக வளைத்து மாட்டினார். பத்து நிமிட வேலை. அறுபது தோட்டா சுட்டாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"கொக்கியில இறுக்கமே இல்லம்மா. பாத்த உடனே தெரியுமே. இதுக்கு முன்னாடி யாரும் கழட்டிப் பாக்கலையா?"

"பாத்தாங்க," என்றாள்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். பட்டம் போனதற்கு அவள் அழவில்லை. மூன்று மாதம், தன் கையே தன்னைக் கைவிட்டதாக நினைத்து, ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தாளே, அதற்குத்தான். கொக்கி தளர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவன் வாய்கூசாமல் அவள் வயதைச் சொல்லிக் காட்டியிருக்கிறான்.

ஆர்லினின் வீடு அவள் வழித்தடத்தில்தான் இருந்தது. தபாலை நிறுத்த முடியாது. அக்டோபரில் ஒருநாள், அவன் தன் தபால் பெட்டியருகே ஹால்பெர்க் துப்பாக்கியின் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். முகம் சவரம் காணாமல் இருந்தது.

"எடுத்துக்க, வெர்லா. உன்னோடதுதான் இது. என்னால வச்சுக்க முடியல."

அவள் ஜன்னலை முழுக்க இறக்கவில்லை. மின்கட்டணச் சீட்டையும் ஒரு விளம்பரத் தாளையும் இடுக்கு வழியாக நீட்டினாள்.

"அனுப்புறதுக்குக் கடிதம் ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"அப்ப வழிய விடு."

அக்கரையில் இருந்த துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்துகொண்டாள். நாற்பது மைல். அடுத்த ஆகஸ்ட்டில் மாநிலப் போட்டிக்கு டன்மோரோடு போய் மூன்றாவதாக வந்தாள். அந்த வருடம் ஆர்லின் போட்டிக்கே வரவில்லை. அவன் வருவானா என்று அவள் யாரையும் கேட்கவுமில்லை.