சோகை அறுத்த கை

கரும்பின் தோகை அறுத்த கையில் வியர்வை இறங்கினால் மிளகாய் தேய்த்ததுபோல் எரியும். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வைத்திருந்த வீட்டில் பிறந்தும், ‘சோகை’ என்று நாங்கள் சொல்லும் அந்தத் தோகையின் அறுப்பை நான் ஒரே ஒருமுறைதான் பட்டேன். பத்தாம் வகுப்பில், மாவட்டப் போட்டிக்குப் பள்ளியில் ஆள் எடுத்த அன்று.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு ஒருத்திக்குத்தான் இடம். மைதானம் இல்லாததால், பள்ளியை ஒட்டிய எங்கள் தோட்டத்தைச் சுற்றி மூன்று சுற்று ஓடச் சொன்ன ‘பி.டி. சார்’ வாசலில் நின்றுகொண்டார். அங்கிருந்து தோட்டத்தின் பின்பக்கம் தெரியாது. மற்றவர்கள் இரண்டாம் சுற்றிலேயே நடக்கத் தொடங்கிவிட, எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவள் அலமேலு. கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கியவர்களின் மகள். எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். கடைசிச் சுற்றில் அவள் மூலை திரும்பி மறைந்ததும் நான் கரும்புக்குள் புகுந்தேன். குறுக்கே ஓடி மறுபக்கம் வெளியே வந்தபோது அவள் எனக்குப் பின்னால் இருந்தாள்.

“இன்னாடி அலமேலு, மலை ஏறுற காலு! ட்ராக்டர்ல போறவகிட்ட தோத்துட்டியே!” என்று சார் சிரித்தார்.

அலமேலு மூச்சு வாங்கியபடி என் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை சிவப்புக் கோடுகள். அவை எப்படி வரும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாரைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள், பிறகு தாழ்ந்த குரலில், “தேங்கா எண்ண தடவிக்கோங்கக்கா, எரியும்” என்றாள்.

அதைப் பெருந்தன்மை என்றே வெகு நாள் நினைத்திருந்தேன். அந்த வாரம் அவளுடைய அப்பாவும் அம்மாவும் வெட்டிக்கொண்டிருந்தது ஆற்றோரத்தில் இருந்த எங்கள் கரும்பை என்பது பிறகுதான் உறைத்தது.

மாவட்டப் போட்டியில் நான் கடைசி. அடுத்த வருடம் அவள் குடும்பம் மலையைவிட்டு இறங்கவில்லை. அவள் போட்டிக்குப் போக மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. அதன்பின் இந்திய அணி, வெளிநாட்டுப் பந்தயங்கள், பதக்கங்கள். சென்ற மாதம் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பாராட்டு விழாவுக்கு வந்தாள். நான் வேலை செய்யும் பத்திரிகைக்காக முன்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

“ஏன் மேடம் இவ்ளோ லேட்டா ஆரம்பிச்சீங்க?” என்று ஒரு நிருபர் கேட்டார்.

“ஸ்கூல்ல ஒரு அக்கா என்னவிட வேகமா ஓடனாங்க. அவங்க போனாங்க” என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

சொன்னபடியே குறித்துக்கொண்டேன். மறுநாள் அச்சிலும் வந்தது.

தோட்டம் இப்போது இல்லை. கரும்பை வேரோடு தோண்டி, கல் நட்டு, மனை போட்டுவிட்டார்கள். சுற்று வழி எது, குறுக்கு வழி எது என்று யாராலும் காட்ட முடியாது. என் கையில் இருந்த கோடுகள் ஒரு வாரத்திலேயே மறைந்துவிட்டன. ஒரு பெயரில் எழுத்து மாறினாலும் மறுநாள் திருத்தம் போடுவது எங்கள் பத்திரிகையின் வழக்கம். அந்தச் செய்திக்கு நான் திருத்தம் எழுதிக் கொடுக்கவில்லை.