மேல் ஷெட்டில் அடைத்த மடை

எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் ஆற்றங்கரைதான். அங்கே பிறந்து வளர்ந்த என் அத்தான் ரெத்தினத்துக்கு மலைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உளுந்து தெளித்து, சம்பாவை அறுத்துக் கரையேற்றியதும் மனுஷருக்கு இருப்புக் கொள்ளாது. என் அக்கா வானதி புளிசாதம் கட்டுவாள், நான் பேங்கில் லீவு சொல்வேன், மூன்று பேரும் குடகு மலைக்குக் கிளம்பிவிடுவோம். முதல் நாள் ஏறி, மலையேறுகிறவர்கள் தங்கும் கீழ் ஷெட்டில் படுக்கை, மறுநாள் மேல் ஷெட், அதற்கடுத்த நாள் உச்சியைப் பார்த்துவிட்டு இறக்கம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஆளுக்கொரு கம்பளி. இந்த மாசியில் போகவில்லை. அத்தானுக்கு இனி மலையே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கம்பளி நாற்றத்துக்குக்கூட மனசு ஏங்குகிறது.

போன முதல் வருஷமே அத்தான் எங்கள் மானத்தை வாங்கினார். மேல் ஷெட்டை ஒட்டி ஓர் ஓடை. அதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பக்கவாட்டில் பிரிந்து புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பாரு மாப்ள, கரை உடைஞ்சு கெடக்கு. ஒருத்தனும் கவனிக்கல."

பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு கல்லை வைத்தார், புல்லை வேரோடு பெயர்த்து வைத்து மண்ணை அப்பினார். சொட்டு ஒழுகாமல் அடைத்துவிட்டு, ஊருக்கு உபகாரம் செய்த திருப்தியில் நன்றாகத் தூங்கினார்.

விடிந்ததும் கீழ் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் சித்தீக் மூச்சிரைக்க ஏறி வந்தார். புல்லுக்குள் போனது உடைப்பு இல்லை, கீழ் ஷெட்டுத் தண்ணீர் டிரம்முக்குப் போகும் வாய்க்கால். அடைத்த இடத்தைப் பார்த்தார், அத்தானின் சேற்றுக் காலைப் பார்த்தார்.

"எந்த ஊருங்க?"

"திருவையாத்துப் பக்கம்."

"அதானே! நான் பட்டுக்கோட்டைங்க. ஊர்லதான் உங்களுக்கு மிஞ்சுனது எங்களுக்கு. பொழைக்க வந்த மலையிலயும் நான் கடைமடையா?"

அத்தானின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அக்கா சிரித்த சிரிப்பில் சித்தீக்கும் கோபத்தை விட்டுச் சிரித்தார். அதிலிருந்து வருஷா வருஷம் அந்த வாய்க்காலைத் தூர்வாரிக் கொடுப்பது அத்தானின் வேலையாயிற்று. கூலி, சித்தீக் போடும் இஞ்சி டீ.

போன மாசியில் கீழ் ஷெட்டோடு அத்தானின் முழங்கால் மக்கர் செய்துவிட்டது. மேலே போகும் வழியில் ஒரு வழுக்குப் பாறை உண்டு. அங்கே அக்காவைக் கைபிடித்து ஏற்றிவிடுவது எப்போதும் அவர்தான். அக்காவும் கூடவே இருந்துவிடுகிறேன் என்றாள். அத்தான் கேட்கவில்லை.

"என் காலுக்காக நீ ஏன் நிக்கணும்? தம்பியோட போயிட்டு வா."

கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அவ பாறையத் தாண்டிட்டான்னு எனக்கு எப்படி மாப்ள தெரியும்?"

அங்கே செல்போனுக்கு டவர் கிடையாது. மறுநாள் நாங்கள் இறங்கி வரும்வரை மனுஷர் கண்ணை மூடமாட்டார் என்று தெரியும்.

பாறையில் அக்கா இரண்டு தடவை சறுக்கினாள். "அவரு புடி மாதிரி இல்லடா ஒன் புடி" என்று என்னைத் திட்டித் தீர்த்தாள். மேல் ஷெட் வந்ததும் முதுகுப் பையைக்கூட இறக்காமல் நேரே ஓடைக்குப் போனாள்.

"கல்லு ரெண்டு எடுத்துட்டு வா தம்பி."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்லை வைத்து, புல்லைப் பெயர்த்து, மண்ணை அப்பி, வாய்க்காலை அவளே அடைத்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே தண்ணீர் நின்றது அவருக்குத் தெரியட்டும் என்று நெடுநேரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் கையாலேயே பிரித்துவிட்டாள்.

மறுநாள் நாங்கள் இறங்கியபோது, வாய் திறக்க விடாமல் சித்தீக் முந்திக்கொண்டார்.

"நேத்து டிரம் பக்கத்துலயே உக்காந்திருந்தாருங்க. தண்ணி நின்னதும் நான் பதறிட்டேன். இவரு 'ஏறிட்டா, ஏறிட்டா'ன்னு என்னையக் கட்டிப் புடிச்சு அழுவுறாரு."

அக்கா அத்தானைப் பார்த்தாள். "தம்பி அடைச்சிருக்கலாம்ல? நான் பாறையில விழுந்து கெடந்திருந்தா?"

"பேங்க்காரன் அடைச்சா ஒழுகும்" என்றார் அத்தான். அவள் உள்ளங்கைகளைத் திருப்பி, நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தார். "சொட்டுகூட வரல. ரெண்டு கையும் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."