மேசைக்கு வருமுன் தொலைந்த அளவு

அந்தத் தெருவுக்கே அவர் கண்ணாடி அக்கா. ஜன்னல், கதவு, கடை முகப்பு எதுவானாலும் கண்ணாடி அறுப்பது அவர். கல்லாவும் வண்டியும் தம்பி பொறுப்பு. அளவெடுத்தால் அக்கா எழுதமாட்டார். உயரத்தையும் அகலத்தையும் முணுமுணுத்தபடி வந்து மேசையில் கோடு போட்டால் அச்சாக இருக்கும். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் அன்று அவர்களுக்கு நல்ல நாள் இல்லை.

ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, வலிக்கு அபின் வகை மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மாத்திரைதான் விடவில்லை. நிறுத்தினால் நடுக்கம், குமட்டல், தூக்கமில்லை. ஒன்று போட்ட இடத்தில் மூன்று போட்டார். அதோடு ஞாபகமும் கெட்டது. கெட்டது பழைய ஞாபகம் அல்ல; எந்தக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பது வரை சொல்வார். ஜன்னலில் எடுத்த அளவுதான் மேசைக்கு வருவதற்குள் ஓட்டைக் குடத்துத் தண்ணீராகிவிடும்.

பல் வைத்தியர் வீட்டுக் கதவுக்கு அறுத்த கண்ணாடி இரண்டு விரல் குட்டையாகப் போயிற்று.

"கதவுச் சட்டம் கோணல்டா," என்றார் அக்கா.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்ற தம்பி, கண்ணாடி அறுக்கும் கட்டரைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். "இனிமே நீ கல்லாவுல உக்காருக்கா."

பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல நின்றார் அக்கா. மறுநாளே மாத்திரைப் பழக்கத்தை விடச் சிகிச்சைக்குப் போனார். தினமும் காலையில் நர்சம்மா கண்ணெதிரே, மாத்திரைக்குப் பதிலாக அதே அபின் வகையில் மெதுவாக வேலை செய்யும் மருந்தைக் குடிக்க வேண்டும்.

"பிசாசை ஓட்ட இன்னொரு பிசாசா?" என்றான் தம்பி.

"அது பட்டாசு, இது நின்னு எரியற அடுப்பு," என்றார் நர்சம்மா. "வித்தியாசம் இருக்குப்பா."

மாதங்கள் போயின. நடுக்கம் நின்றது, அளவு மட்டும் தலையில் நிற்கவில்லை. அங்கே டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். மூளையைப் படம் பிடிக்கும் குகை மாதிரி எந்திரத்துக்குள் அக்காவைப் படுக்கவைத்து ஒன்றன்பின் ஒன்றாக எண்களைக் காட்டினார்கள். இரண்டு எண்ணுக்கு முன்னால் வந்தது மறுபடி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே வந்தபோது அக்காவுக்கு வியர்த்திருந்தது.

நர்சம்மா படத்தைக் காட்டினார். "மத்தவங்க மூளையில ரெண்டு ஆள் தூக்கற மூட்டைக்கு உங்க மூளை ஊரையே கூட்டுது பாருங்க."

"அப்ப சோம்பேறி இல்லைங்கறீங்க?"

"ஓவர்டைம் பாக்குதும்மா."

"சரியாகுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா தேறலாம். எவ்வளவுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

இன்னொருத்தியாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். அக்கா, மூட்டையைக் குறைத்தால் போச்சு என்றார்.

பல் வைத்தியர் வீட்டுக் கதவில் இன்னும் அட்டைதான் ஒட்டியிருந்தது. அக்கா இரண்டு நேரான மரச்சட்டங்களோடு போனார். ஒன்றைக் கதவின் உயரத்துக்கு நிறுத்திக் கத்தியால் கீறினார், இன்னொன்றை அகலத்துக்கு. எண்ணே கிடையாது. அளவு கையில்.

அந்த வீட்டுக் காவலாளி சிரித்தார். "என்னக்கா, ஊன்றுகோலா?"

"ஆமா. இடுப்புக்கு வெச்சிருந்தப்ப சிரிக்கலையே, தலைக்குன்னா சிரிப்பு வருதோ?"

அந்த மனிதர் எழுந்து, அக்கா வெளியே போக வாசல் கேட்டைத் திறந்துவிட்டார்.

திரும்பும்போது வண்டி ஓட்டிய தம்பி வேண்டுமென்றே வளவளவென்று பேசினான். அக்காவும் சளைக்காமல் பேசினார். மேசையருகில் வந்ததும் கையை நீட்டினார். தம்பி தயங்கித் தயங்கித்தான் கட்டரை எடுத்தான். அக்கா சட்டத்தைக் கண்ணாடிமேல் வைத்து, கீறலுக்கு ஒரு நூலளவு உள்ளே கோடு போட்டு, தட்டினார். மற்ற பக்கத்துக்கும் அதே மாதிரி. கதவில் கண்ணாடி சொன்னபடி கேட்டு உட்கார்ந்தது.

அன்று மாலை கடைக்கு ஒரு போன் வந்தது. தம்பி எடுத்தான்.

"அளவெடுக்கவா? எங்க அக்கா வருவாங்க. குச்சியோடதான் வருவாங்க. சிரிக்கறதா இருந்தா வேற கடை பாத்துக்குங்க."